ஃபங்ஷன் பெயருக்கு நான் சொன்ன மூன்று பதில்கள்

கம்பெனி ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். வேலையை விட்டு வந்த பிறகு எழுதச் சொல்வார்கள் என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

போனில் கேட்டவர் செந்தில். அங்கே கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுகிறவர்.

"அண்ணே, இப்பக் கோடு எழுதுறதும் மிஷினு, பேர் வைக்கிறதும் மிஷினு. புதுசா வந்த புள்ளைகளுக்கு நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னே வெளங்கலை. நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

"சரி" என்றேன்.

"சரின்னா, எழுதுறீங்களாண்ணே?"

"சரின்னேன்ல."

எழுதுகிறேன்.

எனக்குக் குன்றாண்டார்கோவில் பக்கம். பத்தாவதில் ஒரு பாடம் நின்றது. அதைத் திரும்ப எழுதவில்லை. புதுக்கோட்டையில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். கடைக்காரர் திட்டினார், கற்றுக்கொண்டேன். பிறகு டி.வி. மெலிந்துபோனது, கடையும் மெலிந்தது. ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் திரை செய்கிற கம்பெனி வந்தது. போய்க் கேட்டேன். வயரை ஈயம் வைத்து ஒட்டுகிற சால்டரிங் பிடிக்கத் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். இவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

நாங்கள் செய்தது விசைப்படகில் வைக்கிற திரை. படகுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அது காட்டும். கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் கடல் ஆழம் குறைவு. அடியில் மணல் திட்டு இருக்கிறதா என்று திரையைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். திரை அணைந்தால் படகு போய் மணலில் உட்காரும். இழுக்க இன்னொரு படகு வரவேண்டும். அது வரும்வரைக்கும் ஓட்டுகிறவர் எங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி கொஞ்சம் கோடு பற்றி. எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. திரையை எப்படி ஆட்டிவைப்பது என்று அதற்குச் சொல்லித்தருகிற எழுத்துக்கு கிராபிக்ஸ் டிரைவர் என்று பெயர். அந்த எழுத்து துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபங்ஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது போய்த் தன் வேலையைச் செய்துவிட்டு வரும். கூப்பிடுகிறவர் உள்ளே திறந்து பார்ப்பதில்லை. பெயரை நம்பிக் கூப்பிடுவார்.

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்ததற்காகத்தான் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள்.

அது வந்த விதம் இது.

என் மேசையில் திரையையும் போர்டையும் பட்டை வயரால் சேர்த்து, சுவிட்சைப் போட்டு, கொஞ்ச நேரம் பார்ப்பேன். அதுதான் வேலை. ஒருநாள் செந்தில் புதுக் கோடு போட்டுக் கொடுத்தார். திரை எரிந்தது. அணைந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. அணைந்தது.

"வயரு லூசா இருக்கும்ணே" என்றார் செந்தில்.

மாற்றினேன். அணைந்தது.

"போர்டு பழசோ?"

மாற்றினேன். அணைந்தது. மாற்றுவதற்கு இனி நானும் செந்திலும்தான் பாக்கி.

"தம்பி, ஒங்க கோட்டுல அணைக்கிற எடம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அணைக்கிறதே கெடையாதுண்ணே. 'பேனல் செக்'னு ஒண்ணைக் கூப்புடுறேன். அது திரை நல்லா இருக்கான்னு பாக்கும். பாத்துட்டு வந்துரும்."

மேடம் எழுந்து வந்தார். டிரைவர் எழுதுகிற ஆட்களுக்கெல்லாம் தலைமை அவர்தான். பெயர் ஸ்டெல்லா. ஆவூர்ப் பக்கம், வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். கோடு படிக்கும்போது செபமாலை சொல்வதுபோல உதடு அசையும், சத்தம் வராது. தப்பு கண்டால் தப்பு என்று சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைப்பார். அவ்வளவுதான். வெயில் காலத்தில் வியர்வைக்குக் கழற்றினாலும் நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

'பேனல் செக்'கைத் திறந்து படித்தார். உதடு நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர். பட்டறையில் சோதித்து முடித்ததும் அணைத்துவைக்கத் தோதாக எழுதியிருக்கிறார். பார்க்கும், பார்த்து முடித்ததும் அணைத்துவிட்டு வரும். பெயரில் பார்ப்பது மட்டும்தான் இருந்தது.

"மீட்டர் பாக்க வந்த ஆளு பீஸையும் புடுங்கிட்டுப் போயிருக்காரு" என்றேன். எனக்குள் சொல்லிக்கொண்டதுதான். கொட்டகை தகரம், எல்லாம் கேட்கும்.

மேடம் சிரிக்கவில்லை. "அண்ணே, இந்தப் பேரை மட்டும் ஒங்ககிட்டச் சொல்லி, கூப்பிட்டா என்ன நடக்கும்னு கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

"பாக்கும்னு சொல்லிருப்பேன்."

"அணைக்கும்னு?"

"பேர்ல இல்லாததை நான் எப்புடிங்க சொல்றது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் சட்டம் வந்தது. எங்கள் டிரைவர் வெளியே போய் உலகத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிப் படிக்கிற கெர்னலில் சேரவேண்டும். அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் மேடம் பார்ப்பார். மேடம் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கவேண்டும்.

முறை இப்படி. எழுதினவர் என் மேசைக்கு வருவார். ஃபங்ஷனின் பெயரைச் சொல்வார். பெயரில் இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்வார். பிறகு, "கூப்பிட்டா என்ன நடக்கும்?" என்று கேட்பார். அதோடு வாயை மூடிக்கொள்ளவேண்டும். கையை ஆட்டக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது. நான் சால்டரிங்கைக் கீழே வைக்காமல் பதில் சொல்வேன். எனக்கு மூன்று பதில்தான்.

பெயர் சொல்வதும் உள்ளே நடப்பதும் ஒன்றாக இருக்கும் என்று பட்டால், என்ன நடக்கும் என்பதைச் சொல்லி, "தெரியுது" என்பேன். நான் சொன்னது உள்ளே நடப்பதோடு ஒத்துப்போனால் பெயர் பாஸ்.

ஒன்றும் பிடிபடாவிட்டால், "தெரியலை."

மூன்றாவது, "பயமா இருக்கு." அது நானாகச் சேர்த்தது. 'கிளீன் ஆல்' என்று ஒருவர் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் துடை என்று அர்த்தம் சொன்னார். எல்லாம் என்றால் என்னென்ன? எனக்குப் பயமாக இருந்தது, சொன்னேன். திறந்து பார்த்தால், படகுக்காரர் வைத்த வெளிச்ச அளவு, பாஷை, எல்லாமே அதில் போய்க்கொண்டிருந்தது. மேடம் மூன்றாவது பதிலையும் சட்டத்தில் சேர்த்தார்.

என்னைச் சரிக்கட்டப் பார்த்தார்கள். வடை வாங்கி வைத்துவிட்டுப் பெயர் சொன்னார்கள். சாப்பிட்டேன். "தெரியலை" என்றேன். எனக்குப் பேரன் பிறந்த அன்று, சந்தோஷத்தில் இருப்பேன் என்று என் மேசைக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதற்கும் பெயர் விளங்குவதற்கும் சம்பந்தம் இல்லையே.

"கருப்பையாண்ணே, ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்றார் செந்தில்.

"வயர் வேலைக்கு ஈரம் ஆகாது தம்பி" என்றேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜாகிர் வந்தார். மேலே சொன்னதெல்லாம் ஜாகிர் கதையைச் சொல்லத்தான்.

ஜாகிருக்குச் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். வீட்டில் விசைப்படகு உண்டு. ஆனால் படகில் ஏறினால் அவருக்கு வாந்தி. கரை கண்ணுக்குத் தெரியும்போதே ஆரம்பித்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் படித்தார். அறந்தாங்கியில் பெண் எடுத்தார். மாமனார் ஹாஜா மைதீன், பஜாரில் பிரிட்ஜ், மிக்ஸி விற்கிற கடை வைத்திருந்தார். மகன்கள் துபாயில் கடை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தகரக் கொட்டகையில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமானால் சரி, இல்லையென்றால் விசா எடுத்துத் துபாய்க் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஜாகிருக்கு மச்சான்களின் கடையில் போய் நிற்க இஷ்டம் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவிக்கும் அனுப்ப இஷ்டம் இல்லை.

சோதனைக் காலத்துக்கு மேடம் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். படகில் இன்ஜின் சாவியைத் திருகினால் பேட்டரி ஒரு நொடி சோர்ந்துபோகும். அப்போது திரை வெளுத்து, கோடு கோடாக வந்து நின்றுவிடும். அதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதவேண்டும். அது பெயரோடு பாஸாகி வெளியே போனால் ஜாகிர் நிரந்தரம். போகாவிட்டால் துபாய்.

ஜாகிர் நன்றாகவே எழுதினார். என் மேசையில் வைத்துப் பேட்டரியைச் சோரவிட்டுப் பார்த்தோம். திரை தானாக எழுந்து நின்றது. மேடம்கூட "ம்" என்றார். அவர் "ம்" சொல்வது பெரிய விஷயம்.

பெயரில் வந்து மாட்டியது.

முதலில் 'பேனல் ஹேண்டில்' என்று கொண்டுவந்தார். திரையைக் கவனித்துக்கொள் என்று அர்த்தம்.

"எதுக்காகக் கவனிக்கணும்? தெரியலை."

'பேனல் ஃபிக்ஸ்.' திரையைச் சரிசெய்.

"திரையை அதுவே சரிபண்ணிக்கிட்டா நான் எதுக்கு இங்க உக்காந்துருக்கேன்? தெரியலை."

'பேனல் ரிகவர்.' திரை குணமாகட்டும்.

"என்ன சீக்கு?"

"நான் சொல்லக் கூடாதேண்ணே."

"அப்ப தெரியலை."

'பேனல் ஸ்மார்ட் பவர்.' திரைக்குப் புத்திசாலிக் கரண்டு.

"பயமா இருக்கு."

நாள் போனது. ஜாகிர் மெலிந்தார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். வாசலில் காவலுக்கு இருந்தவரிடம் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். டீ கொண்டுவருகிறவரிடம் சொல்லிப் பார்த்தார். கூட்டுகிற அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தார். விளங்காவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதையும் அவர்களுக்கு விளக்கினார். சாயங்காலம் மாமனார் போன் போடுவார். ஜாகிர் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் எங்களுக்குக் கேட்கும்.

"மாப்புள, முடிஞ்சுதா?"

"வேலை முடிஞ்சுருச்சு மாமா. பேர்தான் பாக்கி."

"வேலை முடிஞ்ச பொறவு பேர்ல என்ன கெடக்கு? ஹாஜான்னு வைங்க. வேற எதையாச்சும் வைங்க. இதுக்கா ஒரு மாசம்?"

ஒருநாள் ஜாகிருக்குப் பொறுமை போய்விட்டது. என் மேசை முன்னால் நின்று, "அண்ணே, நீங்க என்னைய துபாய்க்குத் தள்ளிவிடாம விட மாட்டீங்கபோல" என்றார்.  நான் கையிலிருந்த வயரை ஒட்டினேன். விளங்காததை விளங்கியது என்று சொல்லி அவரை இங்கேயே இருத்தலாம். அப்புறம் அந்தப் பெயரை நம்பி இன்னொருவர் கூப்பிடுவார், படகு மணலில் உட்காரும்.

மேடம் வந்தார். "ஜாகிர், பேரை விடுங்க. அது என்ன செய்யுதுன்னு தமிழ்ல சொல்லுங்க. ஒரே மூச்சுல."

"படம் அனுப்புறதை நிப்பாட்டும், வோல்டேஜ் ஏறுற வரைக்கும் காத்திருக்கும், ஏறிருச்சுன்னா திரையை எழுப்பி முன்ன இருந்த வெளிச்சத்தை வைக்கும், இல்லாட்டி மொத்தமா அணைச்சுரும்."

"இன்னொரு தடவை."

சொன்னார். 'இல்லாட்டி' வந்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த 'இல்லாட்டி'க்கு முன்னாடி ஒரு வேலை, பின்னாடி ஒரு வேலை. எழுப்புறதுக்கும் அணைக்கிறதுக்கும் சேத்து ஒரே பேரைத் தேடுறீங்க. அப்படி ஒரு பேரு எந்தப் பாஷையிலயும் இருக்காது. வெட்டுங்க."

 ஜாகிர் போய் உட்கார்ந்து வெட்டினார். காத்திருப்பது ஒன்று, எழுப்புவது ஒன்று, அணைப்பது ஒன்று என்று மூன்று துண்டு. பெயர் தானாக வந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் முதல் பெயரைக் கேட்டேன். நன்றாக விளங்கியது. என்ன நடக்கும் என்று சொல்லி, "தெரியுது" என்றேன். ஜாகிர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சால்டரிங் சூடாக இருந்தது. நல்லவேளை, அவர் பிடித்தது அடுத்த கையை.

மேடம் இடத்தை விட்டு எழவில்லை.

"அண்ணே, ஒங்களுக்குப் பேர்ல தெரியுதா, இல்ல ஒரு மாசமா இதையே கேட்டுக் கேட்டுத் தெரியுதா?"

யோசித்தேன். உள்ளே இருப்பதை ஜாகிர் இப்போதுதான் என் காதுபடச் சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

"பிரிச்சுச் சொல்ல முடியலைங்க" என்றேன்.

"அப்ப இது செல்லாது. விஷயம் தெரியாத ஆளு வேணும்."

காவல்காரரைக் கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே அவர், "வோல்டேஜ் ஏறுற வரைக்கும் காத்திருக்கும்ங்க மேடம்" என்றார். டீக்காரருக்கும் தெரிந்திருந்தது. கூட்டுகிற அம்மா வெளிச்ச அளவையும் சேர்த்துச் சொன்னார். ஜாகிர் ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்ததில் கொட்டகையில் விஷயம் தெரியாத ஆள் ஒருவர்கூட மிச்சம் இல்லை. இருந்த நாயும் வாலை ஆட்டியது.

சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. ஜாகிர் என் மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் கார் நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. மாமனார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாப்புள. என்ன, தரையில உக்காந்துருக்கீங்க? நாற்காலிகூடக் குடுக்க மாட்டாங்களா?" என்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "நான் அவங்க மாமனாருங்க. விசா வந்துருச்சு. இன்னைக்கித் தவணை முடியுதுன்னாங்க. அழைச்சுக்கிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்க மாப்பிள்ளை என்ன எழுதுறாருன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா?"

"சத்தியமாத் தெரியாதும்மா. கேட்டாப் பேரு பேருங்கறாப்புல. பேரு என்னன்னும் சொல்ல மாட்டேங்கறாப்புல."

"உக்காருங்க" என்று என் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டார் மேடம். டீ வந்தது. "ஒரு பேர் சொல்றேன். கூப்பிட்டா என்ன நடக்கும்னு மட்டும் சொல்லுங்க. ஜாகிர், நீங்க அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

ஜாகிர் சுவரைப் பார்த்து நின்றார். காது சிவந்திருந்தது.

"'பேனல் வெயிட் ஃபார் வோல்டேஜ்.' பேனல்னா இந்தத் திரை. வெயிட்னா காத்திரு. வோல்டேஜுக்காகக் காத்திரு."

ஹாஜா மைதீன் டீயை ஒரு வாய் குடித்தார். "கரண்டு கம்மியா இருக்கு. ஏறுற வரைக்கும் சும்மா நிக்கணும். நான் பிரிட்ஜோட ஸ்டெபிலைசர் விக்கிறேன்ல, அந்த வேலைதானே?"

"காத்திருந்துட்டுத் திரையை அணைச்சுருமா?"

"ஏம்மா அணைக்குது? காத்திருன்னுதானே சொன்னீங்க? கடையில ஒரு ஆளை இங்ஙன நில்லுன்னா நிக்கணும். ஷட்டரை எறக்கிப்புட்டு வீட்டுக்குப் போயிட்டான்னா விடுவேனா? அணைக்கணும்னா அதைத் தனியாச் சொல்லணும்ல?"

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். கை கண்ணாடிக்குப் போகவில்லை.

"'பேனல் வேக் வித் லாஸ்ட் பிரைட்னஸ்.' திரையே, கடைசியா இருந்த வெளிச்சத்தோட எந்திரி."

"எந்திரிச்சு, முன்ன எம்புட்டு வெளிச்சம் இருந்துச்சோ அதையே வச்சுக்கிரும்."

"'பேனல் பவர் ஆஃப்.'"

"அணைச்சுப்புடும். இதுக்கெல்லாமா கேள்வி?"

மேடம் தன் இடத்துக்குப் போனார். உதடு அசைந்தது. ஒரு பட்டனைத் தட்டினார். "வெளிய போயிருச்சு" என்றார். "ஜாகிர், திரும்பலாம். நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்."

ஜாகிர் திரும்பினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. செந்தில் கைதட்டினார். காவல்காரரும் உள்ளே வந்து கைதட்டினார்.

ஹாஜா மைதீன் டம்ளரைக் கீழே வைத்தார். விஷயம் மெல்ல மெல்ல அவருக்கு ஏறியது.

"அதாவதும்மா, நான் சொன்னதுனாலயா அவுகளுக்கு வேலை?"

"நீங்க சரியாச் சொன்னதுனால."

"தப்பாச் சொல்லிருந்தா?"

"ஒங்களோட கெளம்பிருப்பாரு."

விசா இருந்த தோல் பையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.  மேடம் வேண்டுமென்றுதான் அவரை உட்காரவைத்தாரா என்று பின்னால் பலர் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் மேடத்திடம் கேட்டதில்லை.

எழுந்து போவார் என்று பார்த்தோம். போகவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற பேரு எதுவும் இருக்கா?"

செந்தில்தான் அகப்பட்டார். கையில் வைத்திருந்த 'பேனல் டூ மேஜிக்' என்பதைச் சொன்னார். திரையே, வித்தை காட்டு.

"இது என்ன படகா, பொருட்காட்சியா? மேஜிக்குன்னா என்ன வேணாலும் நடக்கும்ல? போயி ஒழுங்கா வச்சுட்டு வாங்க தம்பி."

அடுத்து வந்தவரையும் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்து வந்தவரிடம், பெயர் நீளம், கூப்பிடுவதற்குள் படகு கரைக்கு வந்துவிடும் என்றார். நானாவது மூன்று பதிலோடு நிறுத்துவேன். இவர் காரணமும் சொன்னார், கடை உதாரணமும் சொன்னார், இன்னொரு டீயும் கேட்டார். ஆட்கள் ஜாகிரை முறைத்தார்கள்.

நான் அடுத்த வயரை எடுத்து ஒட்ட ஆரம்பித்தேன். இத்தனை நாள் கேட்ட பிறகு எனக்கு இனி எல்லாப் பெயரும் பாதி தெரிந்ததாகத்தான் இருக்கும், அந்த வேலைக்கு நான் ஆக மாட்டேன் என்று விளங்கிவிட்டது. ஒட்டுகிற வேலை இருந்தது. போதும்.

சாயங்காலம் ஹாஜா மைதீன் போனை எடுத்துத் துபாயில் இருக்கிற மகனுக்குப் போட்டார். "அந்த விசாவ வேற ஆளுக்குப் பாருப்பா. மாப்புள வரலை. இங்க ஆளு பத்தலை" என்றார். ஜாகிருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமனாரிடம் போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமனார் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மேடத்தின் பக்கம் திரும்பி, "ஏம்மா, நாளைக்கி நான் எத்தன மணிக்கு வரணும்?" என்றார்.